கிட் ஸ்டேட்டஸில் ஒரே ஊர், இரண்டு ஃபைல்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் என்று பஸ் நேரம் ஊருக்கொரு ஃபைல், பெயரெல்லாம் தமிழில். பழைய மேக்கிலிருந்து வந்த ஜிப்பை உபுண்டுவில் பிரித்தேன். கிட்டில் (ஃபைல் மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருள்) ஸ்டேட்டஸ் போட்டால் அன்ட்ராக்டில் (இன்னும் பதிவாகாத ஃபைல்கள்) \340\256\225\340\257\206\340\256\276 என்று தொடங்கி ஒரே எண்கள். ஏற்கெனவே கமிட் ஆன (பதிவான) கொழிஞ்சாம்பாறை அப்படியே இருக்கிறது. மற்ற இரண்டு ஊருக்கும் சிக்கலே இல்லை. ஏன்ங்க?

பதில் 1: எண்கள் வருவது கோர்.க்வோட்பாத் (தமிழ் போன்ற எழுத்துகளை எண்ணாகக் காட்டும் கிட் அமைப்பு) ட்ரூவாக இருப்பதால். கிட் கான்ஃபிக்கில் அதை ஃபால்ஸ் ஆக்குங்க, தமிழிலேயே காட்டும்.

பதில் 2: காட்டும், ஆனா ஃபைல் இரண்டாகத்தான் நிற்கும். இப்போதைக்கு மாற்றாதீங்க அண்ணே, துப்பே அந்த எண்களில்தான். 'கொ'வில் உள்ள ொ ஒரே குறியாக இருந்தால் \340\257\212. உங்களுடையதில் ெ தனி (206), ா தனி (276). பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் (ஃபைல்களைச் சேமிக்கும் முறை) பெயரை இப்படிப் பிரித்தே வைக்கும். லினக்ஸுக்குப் பைட் வேறென்றால் ஃபைலும் வேறு. ொ, ோ, ௌ, ஔ மட்டுமே பிரியும். சித்தூரும் வேலந்தாவளமும் தப்பித்தது அதனால்தான். மலையாளப் பெயர் வைத்தாலும் ൊ இதே வேலை காட்டும்.

முதலில் இரண்டையும் டிஃப் (வித்தியாசம் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்க. ஜிப்பில் வந்தது புதுசென்றால் அதன் உள்ளடக்கத்தைப் பழைய ஃபைலில் ஏற்றிவிட்டு, பிரிந்த பெயரை அழியுங்க. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் டேப் தட்டிப் பெயரை நிரப்பி அழிக்காமல், கிட் ஆட்டும் போடாமல், கிட் கிளீன் -ஐ (அன்ட்ராக்ட் ஃபைல்களைக் கேட்டுக் கேட்டு அழிக்கும் கட்டளை) மூலம் அதை மட்டும் தேர்ந்தெடுப்பது பத்திரம்.

பதில் 3: இனி ஜிப் வேண்டாம், மேக்கிலிருந்தே கிட்டில் புஷ் செய்யச் (அனுப்பச்) சொல்லுங்க. அங்கே கோர்.ப்ரீகம்போஸ்யூனிகோட் ட்ரூவாக இருந்தால் பிரிந்த குறிகளை கிட் தானாகவே ஒன்றாகச் சேர்த்துவிடும்.