லத்தீன் வழி மொழிகளில் பச்சை எங்கே சறுக்கும்? (அனுபவப் பகிர்வு)

இழையைத் தொடங்கியவர்

பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், போர்த்துகீஸ், கத்தலான், ருமேனியன் ஆகிய ஆறிலும் பச்சைக்கான சொல் ஒரே வேரிலிருந்து வந்தது. அதனாலேயே ஒன்றைக் கற்றவர் அடுத்ததில் துணிந்து இறங்கித் தவறு செய்கிறார். கற்பிக்கும்போதும் மொழிபெயர்க்கும்போதும் திரும்பத் திரும்ப வரும் பிழைகளைக் காரணத்தோடு எழுதுங்கள்.

மொழி வரலாறு படிப்பவர்

வேர்ச்சொல் லத்தீனின் 'விரிதிஸ்'. பேச்சில் நடு இகரம் விழுந்து 'விர்திஸ்' ஆயிற்று. 'அப்பெண்டிக்ஸ் ப்ரோபி' என்ற பழைய பிழைதிருத்தப் பட்டியல் 'விரிதிஸ்தான் சரி, விர்திஸ் அல்ல' என்று கண்டித்தது. ஆனால் அது கண்டித்த வடிவமே பிழைத்து நின்றது. அழுத்தம் பெற்ற குறில் இகரம் எகரமாக மாறி 'வெர்தே' பிறந்தது.

கற்பவருக்கு முக்கியமானது இது: லத்தீனிலேயே இந்தச் சொல்லுக்கு ஆண்பாலும் பெண்பாலும் ஒரே வடிவம். ஸ்பானிஷ், இத்தாலியன், போர்த்துகீஸ் மூன்றும் அதை அப்படியே காத்தன. ஸ்பானிஷில் சிவப்புக்கு 'ரோஹோ, ரோஹா' என்று படித்த கையோடு 'பெர்தா' என்று எழுதுவதுதான் தொடக்க வகுப்புகளின் முதல் பிழை. சட்டையானாலும் பாவாடையானாலும் 'பெர்தே'தான், பன்மையில் 'பெர்தேஸ்'. ஆனால் பார்சலோனா பக்கம் கதை மாறும். கத்தலான் மொழி பின்னாளில் 'வெர்தா' என்ற பெண்பாலைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டது. ஸ்பானிஷ் பழக்கத்தில் அங்கே மாற்றாமல் விட்டால் அதுவே பிழை.

பிரெஞ்சு கற்பிப்பவர்

பிரெஞ்சும் அப்படித்தான். பழைய பிரெஞ்சில் இரு பாலுக்கும் ஒரே வடிவம் இருந்தது. மற்ற உரிச்சொற்களைப் பார்த்துப் பிறகு பெண்பால் வந்தது. இன்று ஆண்பால் 'வெர்', பெண்பால் 'வெர்த்'. பசுமையைக் குறிக்கும் 'வெர்தூர்' போன்ற சொற்களில் பழைய மெல்லொலி ('பந்து' என்பதில் வரும் த) இன்னும் இருக்கிறது.

தேர்வுத்தாளில் மதிப்பெண் போகும் இடம் வேறு. பச்சைக்குப் பின்னால் வெளிர், அடர் என்று இன்னொரு சொல் சேர்ந்தால் இரண்டும் உறைந்துவிடும். பாலும் எண்ணும் ஏறாது. பச்சை உடை 'ரோப் வெர்த்', கரும்பச்சை உடை 'ரோப் வெர் ஃபோன்சே'. பச்சைக் கண்கள் என்றால் எழுத்தில் பன்மைக்குறி உண்டு; வெளிர்பச்சைக் கண்கள் என்றால் இல்லை. இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் இதே விதிதான். அங்கே பெண்பால் வடிவம் தனியாக இல்லாததால் பன்மையில் மட்டும் கவனமாக இருந்தால் போதும்.

உச்சரிப்புப் பயிற்சி தருபவர்

தமிழர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் 'த' இடத்துக்கு இடம் மாறி ஒலிக்கும். ஸ்பானிஷ் 'பெர்தே'க்கு 'அது' என்பதில் வரும் தளர்ந்த த வேண்டும். இத்தாலியன், ருமேனியன் 'வெர்தே'க்கு 'பந்து' என்பதில் வரும் த. 'தம்பி'யின் த எங்கும் வேண்டாம். அப்படிச் சொன்னால் பிரெஞ்சுப் பெண்பால் போலக் கேட்கும். தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்துப் படிப்பவர்கள் விழுவது இங்கேதான். ஸ்பானிஷின் முதலெழுத்தை 'பஸ்' என்பதன் ஒலியில் தொடங்குங்கள். பிரேசிலில் கடைசி அசை 'ஜி' என்று முடியும். போர்ச்சுகலில் கடைசி உயிர் ஏறக்குறைய விழுங்கப்படும்.

ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர்

ஸ்பானிஷில் 'இரு' என்பதற்கு இரண்டு வினைகள். ஆப்பிள் 'எஸ் பெர்தே' என்றால் அது பச்சை நிற வகை. 'எஸ்தா பெர்தே' என்றால் இன்னும் பழுக்கவில்லை. மனிதரைப் பற்றி 'எஸ்தா பெர்தே' என்றால் அனுபவம் போதாது என்று பொருள். இத்தாலியனில் காய்க்குத் தனியே 'அச்செர்போ' என்ற சொல் இருக்கிறது; அதைப் பழகுவது நல்லது.

'சிஸ்தே பெர்தே' என்பது ஆபாச நகைச்சுவை. தமிழில் 'பச்சை பச்சையாகப் பேசுகிறான்' என்கிறோமே, அதனால் நமக்கு எளிதில் பிடிபடும். ஆனால் இந்தப் பொருளைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோகாதீர்கள். 'பியேஹோ பெர்தே' ஸ்பானிஷில் பெண்பித்துப் பிடித்த கிழவர், வசைச்சொல். பிரெஞ்சில் ஒரு முதியவரை 'இன்னும் வெர்' என்றால் உடல் தளரவில்லை என்ற பாராட்டு. காதல் விவகாரங்களுக்குப் பேர்போன பிரெஞ்சு மன்னர் நான்காம் ஆன்றியின் பட்டப்பெயர் 'வெர் கலான்'. பாரிஸில் சேன் ஆற்றுத் தீவு ஒன்றின் முனையில் அந்தப் பெயரில் பூங்காவே இருக்கிறது. ஒரே நிறம், ஒரே வயது. ஒரு மொழியில் மரியாதை, மற்றதில் அவமானம். மொழிபெயர்ப்பில் இதைத் தவறவிட்டால் கதாபாத்திரமே மாறிவிடும்.

இத்தாலியனில் ஒருவர் 'அல் வெர்தே' இருக்கிறார் என்றால் கையில் காசில்லை. மெழுகுவர்த்தியின் அடியில் பச்சை பூசும் பழைய வழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். பச்சை தெரிந்தால் மெழுகு தீர்ந்தது. ஆனால் 'நூமெரோ வெர்தே' என்பது கட்டணமில்லாத் தொலைபேசி எண். பிரெஞ்சிலும் அதற்கு இதே பெயர்தான்.

ருமேனியன் பயில்வோருக்கு உதவுபவர்

ருமேனியனில் ஒருவர் முகத்துக்கு நேரே 'வெர்தே' பேசினால் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார் என்று பொருள். 'பச்சையாகச் சொன்னால்' என்று அப்படியே தமிழாக்கலாம், ஒரு சொல்கூடக் கூட்ட வேண்டாம். நாட்டுப்பாடல்களில் முதலடி 'பச்சை இலையே' என்று தொடங்குவது மரபு. பாட்டின் பொருளோடு அந்த இலைக்குத் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. அதற்கு விளக்கம் தேடி அடிக்குறிப்பு எழுதாதீர்கள்.

பன்மை இரு பாலுக்கும் 'வெர்ஸி' (ஸ அதிர்ந்து ஒலிக்க வேண்டும்). இகர விகுதிக்கு முன் த அப்படித் திரியும். முட்டைக்கோசுக்கு 'வர்ஸா', பன்மை 'வெர்ஸே'. இதுவும் பசுந்தழையைக் குறித்த அதே லத்தீன் சொல்லின் வழி வந்ததுதான். இத்தாலியனின் 'வெர்ஸா', ஸ்பானிஷின் 'பெர்ஸா' இரண்டும் இதன் உடன்பிறப்புகள். சந்தையில் கடைசி உயிரில் கவனம் வையுங்கள்: இகரம் லேசாக மட்டும் ஒலித்தால் நிறம், ஏகாரம் முழுதாக ஒலித்தால் கோஸ்.