டெனாலிப் பயணம் – எங்கள் குடும்பக் குழு, ஜூலை 2024

கதிர்: அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்டில் நாங்கள் நால்வரும் அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவுக்குப் போக எண்ணியிருக்கிறோம். 148 கிலோமீட்டர் நீளமுள்ள சாலையில் பேருந்து 69ஆவது கிலோமீட்டரிலேயே திரும்பிவிடுகிறதாம். பிள்ளைகளை அவ்வளவு தூரம் அழைத்துப் போய்ப் பாதி வழியில் திரும்புவது சரியாக இருக்குமா?

பெரியப்பா: 2012இல் நானும் பெரியம்மாவும் வொண்டர் ஏரி வரை போனோம், கதிர். வழியில் ஐல்சன் வரவேற்பு மையத்தில் இறங்கியபோது மேகம் விலகி, 6,190 மீட்டர் உயர டெனாலி மலை முழுவதுமாக எதிரில் நின்றது. பெரியம்மா கையில் ஊற்றி வைத்திருந்த தேநீர் ஆறியே போயிற்று. அதைக் காண முடியாதென்றால் சாலை சரிந்த இடத்தில் பாலம் கட்டி முடியும்வரை காத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

மீனா: பெரியப்பா, நீங்கள் போன சாலையை 73ஆவது கிலோமீட்டருக்கு அருகே, பாலிக்ரோம் கணவாய்ப் பக்கத்தில், நிலமே இழுத்துக்கொண்டு போய்விட்டது. சரிவின் அடியில் காலங்காலமாக உறைந்து கிடந்த பனி, வெப்பம் கூடக் கூட இளகி, மேலிருக்கும் மண்ணையும் கல்லையும் சுமந்தபடி வழுக்குகிறது. 2014க்கு முன் ஆண்டுக்குச் சில அங்குலமே நகர்ந்த இடம், 2019இல் நாளுக்குச் சில அங்குலமும் 2021இல் மணிக்கு 0.65 அங்குலம் வரையும் நகர்ந்ததால், லாரி லாரியாகச் சரளை கொட்டியும் தாங்காமல் அந்த ஆகஸ்டில் சாலையை மூடினார்கள்.

கதிர்: அப்படியானால் அங்கே பிள்ளைகள் என்ன செய்வார்கள், அக்கா?

மீனா: நடப்பார்கள். போன ஜூலையில் பேருந்து திரும்பும் ஈஸ்ட் ஃபோர்க் ஆற்றுப் பாலத்தருகே இறங்கினோம். அங்கே வகுத்த நடைபாதை கிடையாது. ஒருவர் பின் ஒருவராகப் போனால் பாசி தேய்ந்து தடம் விழுந்துவிடும் என்பதால், ஒவ்வொருவரும் விலகி விலகி நடக்க வேண்டும். காலை வைத்தால் ஈரப் பஞ்சுபோல் அமுங்கி, எடுத்ததும் மெல்ல எழும்பிய அந்தத் தரையை என் மகள் குனிந்து உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். இதற்கும் கீழேதான் பனி இருக்கிறதா என்று அவள் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கரடியைக் கண்டால் 300 கஜத்துக்கு உள்ளே நெருங்கக் கூடாது என்பதை மட்டும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடு.

பெரியப்பா: நீ சொல்வது உண்மைதான், மீனா. நாங்கள் அன்று பதினொரு மணி நேரம் பயணம் போனோம். அதில் தரையில் நடந்தது அரை மணி நேரம்கூட இராது.

கதிர்: மலை தெரியுமா, அக்கா?

மீனா: வானம் தெளிந்திருந்தால் 15ஆவது கிலோமீட்டரிலிருந்தே தெரியும். ஆனால் போகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அது வாய்க்கிறது என்பார்கள்; எங்களுக்கு வாய்க்கவில்லை.

கதிர்: ஆகஸ்டிலேயே போகிறோம். இன்றே பேருந்துக்குப் பதிவு செய்துவிடுகிறேன்.

பெரியப்பா: போய் வாருங்கள். சரிந்துபோன அந்த வளைவைப் பேருந்துச் சன்னல் வழியாகப் பெரியம்மா எடுத்த படம் பழைய கணினியில் இருக்கிறது. இரவு தேடி எடுத்து இங்கே அனுப்புகிறேன்.