ஒயினும் உணவும்: ருசிப்புக் கூடத்தில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

உப்புக்காற்று

ஒயின் ஆலைகளின் ருசிப்புக் கூடங்கள் எப்படி நடக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வரிசையாக ஒயின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் உணவு, அருகில் எது எதனோடு சேரும் என்று அச்சிட்ட அட்டை. நுரைக்கும் ஒயினும் சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினும் அட்டை சொன்னபடியே நடந்துகொண்டன. அடுத்து ஓக் பீப்பாயில் முதிர்ந்த சிவப்பு ஒயினும், வெண்ணெயில் வாட்டிய ஸ்காலப் சிப்பியும் வந்தன. சிப்பியை மென்று விழுங்கிவிட்டு ஒரு மிடறு குடித்தேன். அடுத்த கணமே துருப்பிடித்த ஆணியை நக்கியதைப் போன்ற சுவை நாவில் படர்ந்தது, அதன் பின்னால் கெட்ட மீனின் வாடை தொண்டை வழியாக மூக்குக்குள் ஏறியது. நீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு இரண்டையும் தனித்தனியாகச் சுவைத்துப் பார்த்தேன். சிப்பி இனித்தது, ஒயினிலும் குறையொன்றும் இல்லை. பரிமாறியவர் என் எதிரிலேயே அதே சிப்பியைத் தின்று, அதே ஒயினைக் குடித்துவிட்டு, தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, உறுத்துவதும் அதுதான். வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

பீப்பாய்ப்பலகை

நேர்ந்திருக்கிறது, ஆனால் எனக்கு வெள்ளை ஒயினில் நேர்ந்தது. கொழுப்பு மிகுந்த கானாங்கெளுத்தி மீனுக்கு எலுமிச்சை வாசனை கொண்ட வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். முதல் மிடறிலேயே நீங்கள் சொல்லும் அந்த வாடை எழுந்தது. மேசையைச் சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் தட்டைத் தள்ளிவைத்தார்கள். மீனுக்கு வெள்ளை என்ற விதியை அன்று வரை நான் ஐயப்பட்டதே இல்லை.

இதற்கு ஆய்வுவழி விளக்கம் உண்டு. ஜப்பானில் மெர்சியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பல ஒயின்களை ஸ்காலப் சிப்பியோடு சுவைக்கச் செய்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த வாடையின் வலிமை ஒயினில் கரைந்திருந்த இரும்பின் அளவோடு சேர்ந்து உயர்ந்தது. இரும்பைப் பிணைத்து முடக்கும் பொருளைச் சேர்த்தபோது வாடை குறைந்தது. மீனிலும் சிப்பியிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் இரும்பின் தூண்டுதலால் நொடியில் சிதைந்து, மணமுள்ள ஆல்டிஹைடுகளை வெளிவிடுகின்றன என்பதே அவர்கள் தந்த விளக்கம். லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் சிக்கல் தொடங்குகிறது. மண், ஆலையின் கருவிகள், நொதித்த விதம் ஆகியவற்றைப் பொறுத்து அளவு மாறும் என்பதால், நிறத்தை மட்டும் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாது.

துவர்நாக்கு

இரும்பை மறுக்கவில்லை, ஆனால் ஓக் பீப்பாய்ச் சிவப்பு ஒயினை எடுத்துக்கொண்டு துவர்ப்பைத் தரும் டானினைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் பீப்பாய்ப்பலகை முடித்துவிட்டது வியப்பளிக்கிறது. டானின் எச்சிலில் உள்ள புரதங்களோடு பிணைந்து, வாயின் வழவழப்பைப் பறித்துவிடுகிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால்தான் கபர்னே சோவின்யோன் என்ற சிவப்பு ஒயினும் ஆட்டிறைச்சியும் சேர்கின்றன என்று எல்லா அட்டைகளிலும் எழுதியிருப்பார்கள். நானும் அதை நம்பியே உட்கார்ந்தேன்.

கன்னங்கள் உள்ளே ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் துவர்த்த இளம் கபர்னேயை ஊற்றிவிட்டு, சுட்ட ஆட்டிறைச்சித் துண்டுகளைத் தந்தார்கள். முதல் துண்டில் உப்பிட மறந்திருந்தார்கள். அதைத் தின்று குடித்தபோது துவர்ப்பு சற்றுத் தணிந்தது, ஆனால் கசப்பு அப்படியே நின்றது. சமையற்காரர் தவறை உணர்ந்து, எஞ்சிய துண்டுகளின் மேல் கல்லுப்பைத் தூவினார். அடுத்த மிடறில் அதே கோப்பை ஒயின் கறுப்புப் பழங்களின் இனிப்போடு விரிந்தது. மாறியது உப்பு மட்டுமே. உப்பு கசப்பை அடக்கும் என்பது சமையலறையில் யாரும் அறிந்ததுதான். ஒயின் வல்லுநர் டிம் ஹானி உணவில் உப்பையும் புளிப்பையும் சரிசெய்தால் பெரும்பாலான ஒயின்கள் பொருந்திவிடும் என்று நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார். அன்றிலிருந்து கொழுப்புக் கதையை நான் பாதிதான் நம்புகிறேன்.

நான்காம் கோப்பை

என் கதை சிறியது. வரிசையின் கடைசியில், போர்தோ பகுதியின் சோத்தெர்ன் பாணியில் செய்த இனிப்பு ஒயினுக்குச் சாக்லேட் கேக்கைத் தந்தார்கள். தனியாகக் குடித்தபோது தேனும் உலர்ந்த ஆப்ரிகாட்டுமாக மணந்த அந்த ஒயின், கேக்குக்குப் பின் இனிப்பையெல்லாம் இழந்து, வெறும் புளித்த நீராக வாயில் நின்றது. லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை கொண்ட ஒயின் புளிக்க முடியும் என்று அதுவரை நான் எண்ணியதில்லை.

இனிச் செல்பவர்களுக்காகச் சில சொற்கள். இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் கூடுதலாக இனிக்க வேண்டும். அது இயலாவிட்டால் பண்டத்தை விலக்கிவிட்டு, ரோக்ஃபோர் போன்ற நீலப் பூஞ்சைப் பாலாடைக்கட்டியைக் கேளுங்கள், ஏனெனில் அதன் உப்பும் கொழுப்பும் இனிப்பைத் தாங்கிப் பிடிக்கும். ஆலை தன் ஒயின்களை எந்த வரிசையில் ஊற்றுகிறது என்பதைக் கவனியுங்கள்: இனிப்பற்றது முதலில், இனிப்பானது பின்னால், மெலிந்தது முதலில், செறிந்தது பின்னால் என்பதே வழக்கம், இதை மீறினால் பின்னால் வரும் மெல்லிய ஒயின் வெறுமையாகத் தோன்றும். வெப்பநிலையையும் பாருங்கள், நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 8 டிகிரியும், மெலிந்த வெள்ளைக்கு 8 முதல் 10 வரையும், செறிந்த சிவப்புக்கு 16 முதல் 18 வரையும் பொருந்தும். அளவுக்கு மீறிக் குளிர்ந்த சிவப்பில் துவர்ப்பு முன்னுக்கு வரும், சூடேறிய சிவப்பில் மதுவின் காரம் முன்னுக்கு வரும். நுரைக்கும் ஒயினின் முகப்புச் சீட்டில் ப்ரூட் என்றிருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை என்று பொருள். எக்ஸ்ட்ரா ட்ரை என்பது பெயருக்கு மாறாக அதைவிடச் சற்று இனிப்பானது, டெமி-செக் 32 முதல் 50 கிராம் வரை. நறுமணத் தைலம் பூசிக்கொண்டு ருசிப்புக்குச் செல்லாதீர்கள். துப்பும் பாத்திரத்தைப் பயன்படுத்த வெட்கப்படாதீர்கள். முட்டையின் மஞ்சள் கரு நாவில் படிந்துகொள்வதால், ருசிப்புக்கு முன் அதைத் தவிர்ப்பது நல்லது. தட்டில் வினிகர் இருந்தால், அதே அளவு புளிப்புள்ள ஒயினை மட்டுமே கேளுங்கள். இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

முள்மொட்டு

நான்காம் கோப்பை அவர்களே, முகப்புச் சீட்டுப் பாடத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. உப்புக்காற்று கேட்டது வேறு. பரிமாறியவருக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் கேள்வி.

எனக்கு ஆர்டிசோக் என்ற பூமொட்டுக் காய்கறியில் நேர்ந்தது இதற்குப் பொருந்தும். வேகவைத்த ஆர்டிசோக்கின் நடுப்பகுதியைத் தின்ற பின், துளியும் இனிப்பில்லாத வெள்ளை ஒயினைக் குடித்தேன். சர்க்கரைப் பாகு கலந்துவிட்டார்களோ என்று கோப்பையை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். வெறும் நீரும் இனித்தது. அருகில் இருந்தவரோ எந்த மாற்றத்தையும் உணரவில்லை; நான் நாடகமாடுவதாகக் கருதி அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆர்டிசோக்கில் உள்ள சைனரின் முதலிய பொருள்கள் நாவின் சுவை உணர்வைச் சிறிது நேரம் மாற்றி, நீரையே இனிக்கச் செய்வதை லிண்டா பார்டோஷுக் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் 1972இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். இந்த விளைவு எல்லோருக்கும் நேர்வதில்லை. ஒரே தட்டு, ஒரே ஒயின், இரண்டு நாக்குகள். பரிமாறியவர் உண்மையைத்தான் சொன்னார் என்று நானும் நம்புகிறேன்.

காரமணி

அட்டைகளைப் பற்றி ஒன்று. காரம் மிகுந்த உணவுக்கு வலுவான சிவப்பு ஒயின் என்று ஓர் ஆலையின் அட்டை சொன்னது. வலுவுக்கு வலு என்ற கணக்கு போலும். மிளகாய் சேர்த்த இறைச்சியோடு 14.5 சதவீத மதுச்செறிவுள்ள சிவப்பை விழுங்கியபோது, என் உதடுகளும் காதுமடல்களும் எரிந்தன, கண்ணீர் வழிந்தது, ஒயினின் சுவை என்று எதுவுமே எட்டவில்லை. மிளகாயின் கேப்சைசின் தொடும் அதே வெப்ப உணர்வேற்பியை மதுவில் உள்ள எத்தனாலும் தூண்டுகிறது. வழக்கமாக 42 டிகிரியை ஒட்டி விழித்துக்கொள்ளும் அது, எத்தனால் இருக்கும்போது 34 டிகிரியை ஒட்டியே விழித்துக்கொள்வதாக 2002இல் வெளியான ஆய்வொன்று காட்டியது; அதாவது நம் உடலின் வெப்பமே எரிச்சலாகத் தோன்றத் தொடங்கும். பிறகு வந்த, ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சற்றே இனிப்பான ரீஸ்லிங் வெள்ளை ஒயின், 8 சதவீதத்தை ஒட்டிய மதுவோடு, அந்த எரிச்சலைச் சில மிடறுகளில் தணித்தது. ஆலையின் விலையுயர்ந்த ஒயினுக்கும் ஏதாவது உணவைச் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் இத்தகைய இணைகள் பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

துவர்நாக்கு

காரமணி சொல்லும் நெருக்கடி உண்மை. ஆனால் எல்லாச் சிவப்பையும் சிப்பிக்கும் மீனுக்கும் எதிரியாக்கிவிட வேண்டாம். டானின் குறைந்த பினோ நுவாரும் வாட்டிய சால்மனும் சேர்ந்ததை நானே கண்டிருக்கிறேன், துளி வாடையும் எழவில்லை.

பீப்பாய்ப்பலகை

அந்தப் பினோ நுவாரில் இரும்பு குறைவாக இருந்திருக்கும். டானினுக்கும் அந்த வாடைக்கும் தொடர்பில்லை என்பதற்கு என் வெள்ளை ஒயினே சான்று. துவர்ப்பே இல்லாத ஒயின் அது.

உப்புக்காற்று

எல்லோருக்கும் நன்றி. பீப்பாய்ப்பலகையின் பதிலைப் படித்தவுடன் ஆலைக்கு எழுதி, அந்தச் சிவப்பில் இரும்பு எவ்வளவு என்று கேட்டேன். மதுச்செறிவு, மொத்தப் புளிப்பு, எஞ்சிய சர்க்கரை, பீப்பாயில் கிடந்த மாதங்கள் எல்லாவற்றையும் அழகாகப் பட்டியலிட்டு அனுப்பினார்கள். இரும்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மீண்டும் கேட்டிருக்கிறேன், ஸ்காலப்புக்குப் பதிலாக உப்பிட்ட ஆட்டிறைச்சியை அட்டையில் போடுமாறும் எழுதியிருக்கிறேன், துவர்நாக்கின் பெயரைச் சொல்லாமல்.