மைனஸ் 20-இல் லாரி கிளம்புகிறது, பத்தே நிமிடத்தில் நின்றுவிடுகிறது: என்ன செய்வது?

இரவுப்பயணி:
சரக்கு லாரி எனக்குப் புதிதல்ல. இந்தக் குளிர்தான் புதிது. வெயிலடிக்கும் பகுதியில் டேங்கை நிரப்பிக்கொண்டு மூன்று நாளாக ஓட்டி வந்தேன். நேற்றிரவு மைனஸ் 20. காலையில் செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சாலையில் ஏறி மிதித்தால் இழுவை இல்லை. திணறித் திணறி நின்றுவிட்டது. டீசல் பில்டரை மாற்றினேன். மறுபடியும் பத்து நிமிடம், மறுபடியும் அதே கதை. டேங்கில் உறைவுத்தடுப்பு மருந்தும் ஊற்றிப் பார்த்தாயிற்று. டெஃப் (புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் திரவம்) உறைந்திருக்குமோ? இரவில் எஞ்சினை அணைத்துவிட்டு, கேபினுக்குள் சின்ன கேஸ் அடுப்பை எரியவிட்டுத்தான் சமாளித்தேன். தூக்கமில்லாமல் தலை வேறு கனக்கிறது.

ஆறுசக்கரம்:
டேங்குக்கு அடியில் துணியைக் கொளுத்திச் சூடு காட்டுங்கள். அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

பட்டறைக்காரன்:
ஆறுசக்கரம் அண்ணா, அந்தக் காலத்தில் தப்பித்தவர்கள்தானே இன்று வந்து அதைச் சொல்ல முடியும்? தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

தம்பி, டெஃப் மீது பழி போடாதீர்கள். அது மைனஸ் 11-லேயே உறைந்துவிடும். உறைந்தாலும் எஞ்சின் கிளம்பும், ஓடஓட அதன் டேங்கில் இருக்கும் ஹீட்டர் உருக்கிவிடும். கழற்றிய பில்டரைத் தூக்கியெறியவில்லையே? அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இரவுப்பயணி:
சீசாவில் உறைந்த தேங்காயெண்ணெய் போல வெள்ளையாக அப்பியிருக்கிறது. விரலில் எடுத்தால் வழவழவென்று இளகுகிறது. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செபரேட்டர் கிண்ணத்தின் அடியில் மட்டும் கண்ணாடிச் சில்லு போல ஏதோ இருக்கிறது.

பட்டறைக்காரன்:
வழவழப்பது மெழுகு. அந்தச் சில்லு உறைந்த தண்ணீர். டீசலில் இயல்பாகவே மெழுகு கலந்திருக்கிறது. குளிர் ஏறும்போது அது துகளாகப் பிரிந்து பில்டரில் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் சும்மா ஓடும்போது கொஞ்சம் டீசல் போதும், கிளம்பிவிடும். மிதித்ததும் கேட்கிற அளவுக்கு டீசல் வராது, நின்றுவிடும். டேங்கு முழுக்க மெழுகு இருக்கும்போது எத்தனை பில்டர் மாற்றினாலும் அடைக்கத்தான் செய்யும். நீங்கள் ஊற்றிய தடுப்பு மருந்து, டீசல் கலங்குவதற்கு முன்பு ஊற்ற வேண்டியது. உருவாகிவிட்ட மெழுகை அது கரைக்காது. கரைப்பதற்கென்று வேறு மருந்து இருக்கிறது, லேபிளைப் படித்து வாங்குங்கள்.

வண்டியை எப்படியாவது இழுத்துச் சென்று சூடான கொட்டகைக்குள் நிறுத்துங்கள். டேங்கு முழுவதும் இளகட்டும், அவசரப்பட்டால் பலனில்லை. கிண்ணத்திலுள்ள தண்ணீரை வடித்துவிட்டுப் புது பில்டரைப் போட்டு, கைப்பம்பை அடித்து டீசல் குழாயிலிருக்கும் ஏரை எடுத்துவிடுங்கள். பிறகு அந்தப் பகுதியில் கிடைக்கும் குளிர்கால டீசலை நிரப்புங்கள். யாராவது மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள். அதற்கு மசகுத்தன்மை குறைவு. இன்றைய எஞ்சின்களின் பம்பும் இன்ஜெக்டரும் தாங்காது.

வெள்ளைக்கோடு:
எல்லோரும் டீசலையே பேசுகிறீர்கள். தம்பி, மூடிய கேபினில் கேஸ் அடுப்பா? அந்தத் தலைக்கனம் தூக்கமின்மையால் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் தலைவலியும் மயக்கமும்தான் வரும், தூக்கத்தில் இருந்தால் அதுவும் தெரியாது. உடனே மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். இனிமேல் புகையை வெளியே விடுகிற டீசல் ஹீட்டரை மட்டும் பயன்படுத்துங்கள், கேபினில் ஓர் எச்சரிக்கைக் கருவியும் இருக்கட்டும். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினாலும் சைலன்சர் வாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பயணி:
அக்கா, நேற்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்று மாலை முழுக்கக் கொட்டகையில் நிறுத்திவைத்ததில் எஞ்சின் சரியாகிவிட்டது. இப்போது வேறு தொல்லை: வெளியே நிறுத்தியிருந்த டிரெய்லரில் ஒரு சக்கரம் சுழலாமல் இழுபடுகிறது.

பட்டறைக்காரன்:
ஈர பிரேக்கோடு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருப்பீர்கள். லைனிங் டிரம்மோடு ஒட்டி உறைந்திருக்கும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, டிரம்மைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், விட்டுவிடும். அடுத்த முறை நிறுத்துவதற்குச் சற்று முன்பு பிரேக்கை மெல்லப் பிடித்துப் பிடித்து ஓட்டிக் காயவைத்துவிடுங்கள். பிரேக்குக்கான ஏர் டேங்கிலிருக்கும் தண்ணீரையும் தினமும் திறந்துவிடுங்கள்.

இரவுப்பயணி:
நாலு தட்டில் 'டப்' என்று விட்டது. கிளம்புகிறேன். அக்கா, அடுப்பைக் கொட்டகைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, ஆனால் தலைக்கனம் மட்டும் போய்விட்டது.