குழு: வடக்கு மாசி வீதி வகையறா

கண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். மதுரைக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. 11 அடி அகலம், 50 அடி நீளம். 90 லட்சம் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பாலா: வீடா, ரயில் பெட்டியா?

ராஜி அத்தை: யோசிக்காமல் வாங்குடா கண்ணா. சித்திரைத் தேரை வாசலில் நின்றே பார்க்கலாம்.

முருகேசன் மாமா: சந்துக்குள் தேர் வராது.

ராஜி அத்தை: முக்கு வரைக்கும் வந்தால் போதும். நான் வில்லாபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்து வர வேண்டியதில்லை.

பாலா: வீடு கண்ணனுக்கா, அத்தைக்கா?

சுந்தரம் சித்தப்பா: அவசரப்படாதே கண்ணா. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது. பின்னால் மாடி எழுப்பிக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால் நம்பாதே. இரண்டு பக்கமும் பொதுச் சுவராகத்தான் இருக்கும். நீ இடிக்கக் கடப்பாரை எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் தடையாணையோடு வந்து நிற்பார். மச்சுக்கு ஏறி உத்திரத்தை ஒரு குச்சியால் தட்டிப் பார். கணீரென்றால் கட்டை உறுதி. பொத்தென்றால் உள்ளே செல்லரித்துவிட்டது. மேலே சுண்ணாம்புக் காரை பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

கண்ணன்: தட்டிப் பார்க்கிறேன் சித்தப்பா.

கவிதா: கார் நிறுத்த இடம் எங்கே?

பாலா: வீட்டுக்குள் விடலாம் மதினி. பின்னால்தான் எடுக்க வேண்டும்.

முருகேசன் மாமா: பேசாமல் எங்கள் ஐயர் பங்களா பகுதியில் பாருங்கள். 2023-இல் நத்தம் சாலைப் பாலம் திறந்த பிறகு தல்லாகுளம் போவது ஒரு வேலையே இல்லை. கலைஞர் நூலகமும் போகிற வழியில்தான். எங்கள் தெருவிலேயே ஒரு மனை இருக்கிறது.

சுந்தரம் சித்தப்பா: நாராயணபுரமும் ஐயர் பங்களாவும் கண்மாயை ஒட்டி வளர்ந்த பகுதி. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்துவிட்டாயா?

முருகேசன் மாமா: செல்லூர் எங்கே, நாங்கள் எங்கே? எங்கள் தெரு மேடு.

பாலா: மதுரையில் மனை விற்கிற எல்லோருடைய தெருவும் மேடுதான்.

சுந்தரம் சித்தப்பா: இன்னொன்றும் சொல்கிறேன். மாசி வீதிக்கு வெளியே ஒரு காலத்தில் கோட்டையும் அகழியும்தான் இருந்தன. பிளாக்பர்ன் என்ற கலெக்டர் 1840-களில் கோட்டையை இடித்து, அகழியை மேடாக்கி, மக்களுக்கு இடம் கொடுத்தார். அப்படி வந்ததுதான் வெளிவீதியும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். விளக்குத்தூண் அவர் நினைவுக்கு வைத்தது. ஆகையால் மாசி வீதிக்கு உள்ளே இருக்கிற மனை

பாலா: சித்தப்பா, பிளாக்பர்ன் இப்போது மனை கொடுக்கிறாரா?

சுந்தரம் சித்தப்பா: முடிக்கவிடு. உள்ளே இருக்கிற மனைக்குப் பங்காளிகள் அதிகம். தாத்தா பெயரில் பத்திரம் இருக்கும், பேரன்கள் நாலு ஊரில் இருப்பார்கள். வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம் அதுதான். வாரிசுகள் எல்லோரும் வந்து கையெழுத்துப் போடாமல் முன்பணம் கொடுக்காதே. ஒரு பெண் வாரிசை விட்டாலும் வழக்குதான்.

ராஜி அத்தை: நம் வீட்டை விற்றபோது இந்த அறிவு எங்கே போயிருந்தது அண்ணா?

சுந்தரம் சித்தப்பா: நீயும்தானே கையெழுத்துப் போட்டாய்.

ராஜி அத்தை: பிரசவித்துப் பதினாறாம் நாள் வந்து பேனாவை நீட்டினீர்கள். படித்துப் பார்க்கவா விட்டீர்கள்?

சுந்தரம் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முருகேசன் மாமா: நான் படித்துவிட்டேன்.

கண்ணன் அம்மா: எல்லோரும் சாப்பிட்டீர்களா?

கண்ணன்: அத்தை, சித்தப்பா, அதைப் பிறகு பேசலாம். பதிவுக்கு எவ்வளவு ஆகும்?

சுந்தரம் சித்தப்பா: முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். வழிகாட்டி மதிப்பையும் பார்த்துக்கொள்.

கவிதா: பெண்கள் பெயரில் வாங்கினால் ஒரு சதவீதம் குறைவாமே மாமா?

சுந்தரம் சித்தப்பா: 10 லட்சத்துக்குள் இருந்தால்தான் அம்மா.

பாலா: மாசி வீதியில் 10 லட்சத்துக்கு வாசற்படி கிடைக்கும்.

கவிதா: உங்கள் அண்ணனுக்கு அதுவே போதும். உட்கார்ந்து தேர் பார்ப்பார்.

கண்ணன் அம்மா: கண்ணா, அந்த வீட்டில் மச்சுக்குப் படி எப்படி? செங்குத்து மரப்படி என்றால் என் முழங்காலுக்கு ஆகாது. நம் பழைய வீட்டில் கயிற்றைப் பிடித்து ஏறியதே போதும். கீழே அறை இருக்கிறதா, அதில் வெளிச்சம் வருமா, அதைக் கேள்.

கண்ணன்: நடுவில் ஒரு முற்றம் இருக்கிறது அம்மா. அதற்குமேல் தகரம் போட்டு மூடியிருக்கிறார்கள்.

கண்ணன் அம்மா: அப்படியென்றால் பகலிலும் விளக்குத்தான்.

முருகேசன் மாமா: எங்கள் பக்கம் நாலு புறமும் ஜன்னல். மூன்றுமாவடியில் அழகர் எதிர்சேவையும் பார்க்கலாம்.

ராஜி அத்தை: எனக்கு மீனாட்சிதான்.

பாலா: அண்ணன் வந்தால் அழகர், தங்கை இருந்தால் மீனாட்சி. இந்தக் குழுவிலும் அதே பஞ்சாயத்துதான்.

ராஜி அத்தை: அது இருக்கட்டும். அப்பாவுடைய பித்தளை அண்டா யார் வீட்டில் இருக்கிறது? கண்ணன் வீட்டுப் பால் காய்ச்சும்போது வேண்டும்.

கண்ணன்: வீடே இன்னும் முடிவாகவில்லை அத்தை.

ராஜி அத்தை: அண்டா யாரிடம் என்றுதானே கேட்டேன்?

முருகேசன் மாமா: சுந்தரத்தின் மாடியில் துளசி வைத்திருக்கிறது.

கண்ணன்: சனிக்கிழமை காலை 9 மணிக்கு வீட்டைப் பார்க்கப் போகிறோம். யார் வருகிறீர்கள்?

சுந்தரம் சித்தப்பா: 9 முதல் 10.30 வரை ராகுகாலம். 11 மணிக்கு வை. குச்சி நான் கொண்டுவருகிறேன்.

ராஜி அத்தை: அண்டாவையும்.

முருகேசன் மாமா: பார்த்துவிட்டு அப்படியே எங்கள் தெரு மனைக்கும் வந்துவிடுங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

கவிதா: சனிக்கிழமை வர முடியுமா என்று நாங்கள் இன்னும் பேசவே இல்லை.