ரெட் டாட் இருக்கும்போது அயர்ன் சைட் எதற்கு?

கேள்வி:
ஏஆர்-15 ரைஃபிளில் ரெட் டாட் (குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி) மாட்டியிருக்கிறேன், மடக்குகிற அயர்ன் சைட்டும் (கண்ணருகே ரியர், முன்னால் ஃப்ரண்ட் என இரண்டு உலோகக் குறிகள்) இருக்கிறது. இரண்டையும் நிமிர்த்திப் பார்த்தால் புள்ளி ஃப்ரண்ட் சைட் முனையில் சரியாக உட்காருகிறது, ஆனால் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே விலகிப் போகிறது. சீரோ, அதாவது குறிவைத்த இடத்தில் குண்டு விழும்படி செய்த சரிகட்டல், கெட்டுவிட்டதா? பேட்டரிதான் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறதே, அயர்ன் சைட்டைக் கழற்றிவிட்டால் என்ன?

பதில் 1:
சீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ரெட் டாட் அப்படித்தான் வேலை செய்யும். எல்ஈடி வெளிச்சம் முன் கண்ணாடியில் பட்டு இணைகதிராகக் கண்ணுக்குத் திரும்புகிறது, அதனால் கண் கொஞ்சம் நகர்ந்தாலும் புள்ளி இலக்கை விட்டுப் பெரிதாக விலகாது. விலகுவது அயர்ன் சைட்தான். அதற்குக் கண், ரியர், ஃப்ரண்ட், இலக்கு நான்கும் ஒரே கோட்டில் வரவேண்டும். கிட்டத்துத் தூரத்தில் புள்ளி கண்ணாடியின் ஓரத்துக்குப் போனால் கொஞ்சம் பாரலாக்ஸ் (கண் நகர்வதால் குறி விலகுவது) உண்டு, அவ்வளவுதான். இன்னொன்று, புள்ளியை முனைமேல் கொண்டுவந்து திருகிவிட்டு சீரோ முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். காகிதத்தில் குண்டு விழ அது உதவும், மற்றபடி இரண்டையும் தனித்தனியாகச் சுட்டுத்தான் சீரோ செய்யவேண்டும். அயர்ன் சைட் முறை வரும்போது புள்ளியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கண் அதையே தேடும்.

பதில் 2:
கழற்றாதீர்கள். எய்ம்பாயின்ட் காம்ப்எம்4 போன்ற ரெட் டாட்களுக்கு 80,000 மணி நேரம், அதாவது 9 ஆண்டுக்கு மேல் என்று சொல்லியிருக்கிறார்கள், பேட்டரி பற்றி எனக்கும் கவலை இல்லை. என் பயம் மவுண்ட் திருகு தளர்வதும், திறந்த வகை டாட்டில் எல்ஈடி மேல் ஒரு மழைத்துளி உட்காருவதும்தான். அயர்ன் சைட்டை நிமிர்த்தி அதன் வழியாகச் சரியாகப் பார்க்கும்போது, வழக்கமாக முனையில் உட்காரும் புள்ளி அங்கே இல்லையென்றால் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது என்று சுடாமலே தெரிந்துவிடும். இந்த ஒன்றுக்காகவே அந்த எடையைத் தூக்கலாம்.

உங்களுடையது அப்சல்யூட் கோ-விட்னஸ் உயரமாக, அதாவது அயர்ன் சைட் கண்ணாடியின் நடுவில் தெரியும் உயரமாக இருக்கலாம், சுமார் 1.4 அங்குலம். மடக்குகிற சைட்டுக்கு அது போதும். மடங்காத ஃப்ரண்ட் சைட் என்றால் அது கண்ணாடியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் தெரியும்படி, அதாவது 1.57 அங்குலத்துக்கு அருகில் உள்ள மவுண்ட் நல்லது. முனை கீழே ஒதுங்கிவிடும், கழுத்தும் கொஞ்சம் நிமிரும்.

பதில் 3:
பிஸ்டலில் கதை வேறு. வழக்கமான சைட் டாட் கண்ணாடிக்குக் கீழேயே மறைந்துவிடும், சப்ரசர் (சத்தம் குறைக்கும் குழாய்) மாட்டினாலும் தெரிகிற அளவு உயரமான சைட் போட்டால்தான் தெரியும். பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் என்றால் 45 டிகிரி சாய்த்து மாட்டுகிற சைட்.

புள்ளி உருண்டையாக இல்லாமல் நட்சத்திரம் மாதிரி சிதறித் தெரிந்தால் ரியர் சைட்டின் சிறு துளை வழியாகப் பாருங்கள். அங்கே உருண்டையானால் கோளாறு டாட்டில் இல்லை, பெரும்பாலும் உங்கள் கண்ணில் அஸ்டிக்மாடிசம் (ஒளி ஒரே புள்ளியில் குவியாத பார்வைக் குறை).

கேள்வி கேட்டவர்:
சரி, கழற்றவில்லை. சாதாரணமாகச் சுடும்போது நிமிர்த்தியே வைப்பதா?

பதில் 2:
மடக்கியே வையுங்கள். டாட் செத்தால் ஒரு தட்டில் நிமிரும், அதைப் பார்க்காமலே கையால் தேடிப் பழகிக்கொள்ளுங்கள்.