கம்பிக் கோலத்தை ஒரே விடையுள்ள புதிராக்க முடியுமா?

திருநகர் கட்டக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நாளிதழில் வரும் சுடோகுவோடு நின்றிருந்த என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தது 2020ஆம் ஆண்டு மே மாதம் வெளியான ‘மிராக்கிள் சுடோகு’. 81 கட்டங்களில் 1, 2 என்ற இரண்டு எண்களை மட்டும் கொடுத்திருந்தார்கள். சதுரங்கக் குதிரையோ ராஜாவோ ஒரே நகர்வில் எட்டும் கட்டங்களில் அதே எண் வரக் கூடாது, பக்கம் ஒட்டிய கட்டங்களில் தொடர் எண்கள் வரக் கூடாது என்ற கூடுதல் விதிகளே மீதி 79 கட்டங்களையும் நிரப்பிவிடுகின்றன. அதன் பிறகுதான், புதிர் போடுவதைவிடப் புது விதி கண்டுபிடிப்பதில் பித்துக் கொண்ட சிறு கூட்டம் ஒன்று இருப்பதும், அவர்கள் ‘பென்பா’ என்ற இணையக் கருவியில் கட்டம் வரைந்து இணைப்பை மட்டும் அனுப்பிக் கொள்வதும் எனக்குத் தெரிய வந்தது.

ஜப்பானின் நிகோலி நிறுவனம் 1989இல் அறிமுகப்படுத்திய ‘ஸ்லிதர்லிங்க்’ அவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. புள்ளிகளை இணைத்து, தன்னைத் தானே வெட்டாத ஒரே மூடிய கோட்டை வரைய வேண்டும்; கட்டத்துக்குள் இருக்கும் எண், அக்கட்டத்தின் எத்தனை பக்கங்களில் கோடு செல்கிறது என்பதைச் சொல்லும். மார்கழியில் அம்மா வாசலில் கம்பிக் கோலம் போடுவதைப் பார்த்தபோது, இதுவும் புள்ளிகளுக்கிடையே ஓடித் தொடங்கிய இடத்திலேயே முடியும் கோடுதானே என்று தோன்றியது. கோலத்தை இப்படி ஒரே விடையுள்ள புதிராக்க வழி உண்டா?

செல்லூர் கணக்காசிரியர் (ஓய்வு)

வழி உண்டு, தம்பி. கோலத்தில் கோடு தன்னையே வெட்டும் என்பதால் ஸ்லிதர்லிங்கின் விதியை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. ஆனால் அந்த வெட்டும் இடங்களே உங்களுக்குக் கைகொடுக்கும்.

நேர்ப்புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, ஒட்டிய இரு புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு வெட்டிச் செல்லுமாறு, ஓரத்தில் மட்டும் வளைத்துப் போட்டுப் பாருங்கள். எத்தனை தனித்தனிக் கோடுகள் கிடைக்கும் என்பது, வரிசையின் எண்ணிக்கைக்கும் நிரலின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தியே. மூன்றுக்கு நான்கு என்றால் ஒரே கோட்டில் முடிந்துவிடும். நான்குக்கு நான்கு என்றால் நான்கு கோடுகள் வரும். நம் கோலத்தையும் அங்கோலா நாட்டின் மணற்கோலங்களையும் ஆராய்ந்த கணிதவியலாளர் பாலஸ் கெர்டஸ் இத்தகைய கோடுகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவருக்கு முன்பே, 1974இல், கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலத்துக்குக் கணினி இலக்கணம், அதாவது கோலத்தை உருவாக்கும் விதிகளின் தொகுப்பு, வகுத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

இரண்டு வெவ்வேறு கோடுகள் வெட்டும் இடத்தில் ஒரு தடுப்பை வைத்து, வெட்டாமல் இரண்டையும் திருப்பிவிட்டால் அவை ஒன்றாகிவிடும். ஆகவே நான்குக்கு நான்கு கோலத்தை ஒரே கோடாக்கக் குறைந்தது மூன்று தடுப்புகள் தேவை. தடுப்புகளின் இடத்தைக் கண்டுபிடிப்பதையே புதிராக வையுங்கள்.

மேலூர் கோலக்காரி

ஐயா சொன்ன கணக்கை நேற்று வாசலில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோலத்தில் புள்ளி எதுவும் விடுபடக் கூடாது, கோடு எங்கும் அறுந்து நிற்கக் கூடாது. எத்தனை கோடு என்று எங்கள் தெருவில் யாரும் எண்ணுவதில்லை. நான்கு கோடுகள் பின்னி வருவதும் கம்பிக் கோலமே. அதைவிட, இரண்டுக்கு இரண்டு புள்ளியில் ஒரே ஒரு தடுப்பை வைத்தால் நான்கு பக்கமும் ஒன்றாக இராது; பார்ப்பவர்கள் கோலம் கோணிவிட்டது என்பார்கள்.

செல்லூர் கணக்காசிரியர் (ஓய்வு)

அம்மா சொல்வது முற்றிலும் உண்மை. புதிருக்கோ அந்தக் கோணல் தேவைப்படுகிறது. நான்கு பக்கமும் ஒத்துவரும் என்று தெரிந்துவிட்டால், கால் பகுதியைப் போட்டவர் மீதியை யோசிக்காமலே நிரப்பிவிடுவார்.

ஒரே விடைக்கு, ஸ்லிதர்லிங்க் போலவே புள்ளியின் மேல் எண் எழுதலாம்: அப்புள்ளியை ஒட்டி எத்தனை தடுப்புகள் என்பது அந்த எண். இரண்டுக்கு இரண்டில் வெட்டும் இடங்கள் நான்கு. எதில் தடுப்பு வைத்தாலும் ஒரே கோடாகிவிடும் என்பதால் எண் இல்லாமல் விட்டால் அது புதிரே ஆகாது. மேல்வரிசைப் புள்ளிகள் இரண்டிலும் 0 என்று எழுதினால் மூன்று இடங்கள் கழிந்து, கீழ்வரிசைப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடம் மட்டும் மிஞ்சும்.

திருநகர் கட்டக்காரன்

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு மூன்றுக்கு மூன்றில், மொத்தம் 12 வெட்டும் இடங்களோடு ஒன்று அமைத்தேன். ஒரே விடை என்று நம்பி அம்மாவிடம் காட்டினேன். நான் நினைத்திராத இடங்களில் தடுப்பு வைத்து வேறொரு கோட்டை ஐந்து நிமிடத்தில் போட்டுக் காட்டிவிட்டு, “இதுவும் மூடிவிட்டதே” என்றார். இன்னும் ஒரு புள்ளியில் எண் சேர்த்துவிட்டு நாளை இங்கே பதிகிறேன். மேலூர் அக்கா முதலில் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.